கொசுறாகக் கொடுத்த இரண்டு டப்பா

ரொசேர் திபோதோ கடைக்குள் நுழைவதைப் பார்த்தாலே எல்லா விலையையும் மனசுக்குள் ஒரு படி ஏற்றிக்கொள்வேன். எப்படியும் அவர் இறக்கப்போகிறார். ஏற்றாத விலையை இறக்க ஆரம்பித்தால் அது என் தோலில் போய்த்தான் நிற்கும். முதலில் என் அப்பாவோடு பேரம் பேசினார், அப்பா போன பிறகு என்னோடு. மொத்தம் நாற்பத்திரண்டு வருடம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், ஆலைகள் மூடிப்போன எங்கள் ஊரில் பேரம் பேசத் தெரிந்த வாடிக்கையாளர் அபூர்வம். மற்றவர்கள் ஒட்டியிருக்கும் விலையைப் பார்ப்பார்கள். பிடித்தால் எடுப்பார்கள், பிடிக்காவிட்டால் குளிரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். அதில் என்ன சுகம்? ரொசேரின் தாத்தா கனடாவில் பிரெஞ்சு பேசுகிற கியூபெக்கிலிருந்து ஆலை வேலைக்கு வந்தவர். என் தாத்தா லெபனானிலிருந்து முதுகில் துணி மூட்டையோடு வந்தவர். மூன்று தலைமுறையாகத் திருத்திப் பார்த்தும் ஊருக்கு நாங்கள் ‘சிரியாக்காரர்கள்’தான். இப்போது திருத்துவதையும் விட்டுவிட்டோம்.

செப்டம்பர் கடைசியில் ஒரு காலை, ரொசேர் வந்து தார் வாளி ஒன்றைக் காலால் லேசாகத் தட்டினார்.

“இது போன வருஷம் என்ன விலை சொன்ன ஷுக்ரி?”

“போன வருஷம் நீங்க வாங்கவே இல்லையே.”

“அதனாலதான் கேக்குறேன். வாங்கியிருந்தா ஞாபகம் இருக்குமே.”

தார் வாளி ஒன்று, சிம்னியின் வாய்க்கு மேல் மாட்டுகிற தகரத் தொப்பி ஒன்று, அகலத் தூரிகை ஒன்று. மூன்றையும் கவுண்டரில் அடுக்கிவிட்டு அவர் கையை மார்பில் கட்டிக்கொண்டார். அப்படிக் கட்டிக்கொண்டால் அரை மணி நேரத்துக்குக் குறையாது. ஆனால் அன்றைக்குக் கண்ணில் வழக்கமான குறும்பு இல்லை.

விஷயம் ஊருக்கே தெரியும். ஜூலையில் அவர் மனைவி லோரெட்டுக்குப் பக்கவாதம். இடது கையும் காலும் போயிற்று. வாய் மட்டும் முன்னைவிடக் கூர்மையாகிவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பராமரிப்பு இல்லத்தில் படுத்திருந்தார். வீட்டுக்கே தினமும் ஆள் அனுப்பிப் பார்த்துக்கொள்கிற அரசுத் திட்டம் ஒன்று உண்டு. அதில் லோரெட்டுக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. வீட்டைப் பார்வையிட வந்த நர்ஸ் வெரில் அம்மாள், கீழ் முன்னறையில் கட்டில் போடலாம் என்றார். படியேற முடியாதவருக்கு அந்த வீட்டில் வேறு அறையும் கிடையாது. அந்த அறையின் சுவருக்குள்தான் சிம்னி மேலே போகிறது. சுவர் முழுக்க ஈரம், மூலையில் கறுப்புப் பூஞ்சை. மூச்சு பலவீனமானவரை இதன் பக்கத்தில் படுக்கவைக்க முடியாது, மார்ச் மாதக் கடைசிக்குள் சுவர் காய்ந்திருந்தால் வீட்டுக்கு வரலாம், இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

“கொத்தனார் மெர்ல் என்ன சொன்னாரு?” என்று கேட்டேன்.

“தலைப்பக்கம் சிமெண்ட் வெடிச்சிருக்காம். தண்ணி அது வழியா இறங்குதாம். பிரிச்சுப் புதுசா கட்டணுமாம். மே மாசம் வர்றேங்கிறான். அதுவரைக்கும் ஒரு தொப்பியை மாட்டிட்டுத் தொடாம விட்டுடுன்னான்.”

“விட்டுட வேண்டியதுதானே?”

“மார்ச்சுக்கு அப்புறம் மே வருதா, மேக்கு அப்புறம் மார்ச் வருதா? உங்க சிரியா காலண்டர்ல எப்படி?”

பேரம் முடிந்தது. அன்றைக்கு நான் வழக்கத்தைவிட அதிகமாகவே இறங்கினேன். இறங்கிய பிறகும் கை ஓயவில்லை. பேரம் முடிந்ததும் மேலே எதையாவது கொசுறாக வைப்பது எங்கள் கடை வழக்கம். அப்பா ஒரு கை ஆணி வைப்பார், இல்லையென்றால் ஒரு பென்சில். நான் அதில் ஒரு திருத்தம் செய்திருந்தேன். விலைபோகாத சரக்கைக் கொசுறாக வைப்பேன். வாங்குகிறவருக்கு மகிழ்ச்சி, எனக்கு அலமாரி காலி. கார் கொட்டகைத் தரைக்குப் பூசுகிற நிறமில்லாத பூச்சு இரண்டு டப்பா நாலு குளிர்காலமாகக் கண்ணில் குத்திக்கொண்டிருந்தன. அவற்றைத் தலையில் கட்டிய கம்பெனி ஆள், ஒரு பொட்டுத் தண்ணீர் இதைத் தாண்டாது என்று சத்தியம் செய்திருந்தான். எந்தப் பக்கத்திலிருந்து என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

“இதையும் எடுத்துட்டுப் போங்க. செங்கல் மேல பூசிடுங்க. மழை வழுக்கிட்டு ஓடும்.”

“எவ்வளவு?”

“சும்மா.”

அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சும்மா குடுக்கிறேன்னா என்ன கோளாறு?”

“டப்பா நசுங்கியிருக்கு.”

ஒன்று உண்மையிலேயே நசுங்கித்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஐந்து நாள் விடாத மழை. ஆறாம் நாள் வெயில் வந்ததும் எழுபத்தாறு வயசு மனிதர் ஏணி போட்டுக் கூரையில் ஏறிவிட்டார். தொப்பியை மாட்டினார். கூரையும் சிம்னியும் சேருகிற இடத்துத் தகட்டின்மேல் தாரை அப்பினார். அதற்கு முன்பு அப்பியிருந்த நாலைந்து தார்களின் மேல் இன்னொரு தார். பிறகு என் பூச்சு. டப்பாவில் ஒரு முறை பூசினால் போதும் என்று போட்டிருந்தது. ரொசேர் மூன்று முறை பூசினார். கடைசியில் டப்பாவைக் கவிழ்த்து, விளிம்பில் தொங்கியதையும் தூரிகையால் வழித்துத் தேய்த்தார். ஐந்து நாள் மழையைக் குடித்து வயிறு நிறைந்திருந்த செங்கல், வாயும் மூடி மூக்கும் மூடி மேலே நின்றது.

அந்தச் சிம்னி மேட்டுத் தெருவில் தனியாக மின்னியது. வாடிக்கையாளர்கள் கடைக்கு வந்து விசாரித்தார்கள்.

“கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்குது, பாத்தியா?” என்றார் ரொசேர்.

“மாப்பிள்ளை யாரு?”

“அடுத்த மழை.”

நவம்பரில் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் முன்னறைச் சுவரைக் காட்டினார். கறை வெளிறியிருந்தது. சுரண்டித் துடைத்து வெள்ளையடித்திருந்தார். வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டில் வந்து இறங்கியிருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும். அவர் அதில் படுத்து, தானே சுற்றிக் காட்டினார். “இங்கேர்ந்து பாத்தா தெருவுல யார் யார்கூடப் போறாங்கன்னு தெரியும். அவளுக்கு அது போதும். மருந்துகூட வேண்டாம்.” தினமும் இல்லத்துக்குப் போய்ச் சுவரைப் பற்றி லோரெட்டிடம் அறிக்கை வாசித்தார். லோரெட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலு அடி நடக்கப் பழகிக்கொண்டிருந்தார். கட்டிலிலிருந்து கழிவறைக்கு எத்தனை அடி என்று ரொசேர் வீட்டில் அளந்து சொன்னார். பதினொன்று. கிறிஸ்துமஸுக்கு எனக்குப் பன்றியிறைச்சி அடைத்த அப்பம் ஒன்று கொடுத்தனுப்பினார். லோரெட் இல்லாமல் அவரே செய்தது. மேலே கருகி, உள்ளே வேகாமல் இருந்தது. முழுசாகத் தின்றேன்.

ஜனவரியில் மைனஸ் இருபது. அப்புறம் இரண்டு நாள் இளக்கம், மழை. மறுபடி மைனஸ் இருபது. அந்த வாரம் ரொசேர் கையுறைக்குள் எதையோ பொத்திக்கொண்டு வந்து கவுண்டரில் வைத்தார். செங்கலின் முகம். பிஸ்கட் கனத்துக்குப் பெயர்ந்திருந்தது. ஒரு பக்கம் கண்ணாடிபோல் பளபளப்பு. புரட்டினால் மறுபக்கம் நனைந்து, பனிப்பூ பூத்திருந்தது.

“பனி மேல சிவப்பு சிவப்பா கிடக்குது ஷுக்ரி. பகல்ல உக்காந்திருந்தா டக்கு டக்குன்னு சத்தம் கேக்குது. இது என்னது?”

பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே போகவில்லை. உள்ளே இருந்தது வெளியே வரவில்லை. உறைந்து, வீங்கி, முகத்தைத் தள்ளிவிட்டது.

“குளிர்” என்றேன்.

“அப்படியா?”

“இந்த வருஷக் குளிர் வேற மாதிரி.”

நாற்பத்திரண்டு வருடத்தில் அவர் எங்கள் கடையில் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு போனது அந்தப் பதில் ஒன்றைத்தான்.

பிப்ரவரியில் மெர்ல் ஏறிப் பார்த்துவிட்டு நேராகக் கடைக்கு வந்தார். மெர்ல் பேசுவதற்குக் கூலி வாங்காதவர், அதனால் அதிகம் பேசமாட்டார். அன்றைக்குப் பேசினார்.

“அந்தப் பூச்சை அவருக்கு எவன் குடுத்தான்?”

நான் ஆணிப்பெட்டியை ஒழுங்குபடுத்தினேன்.

“ரப்பர் மழைக்கோட்டை மாட்டிட்டு ஓடுறவன் எப்படி வேர்ப்பான்? அப்படி வேர்த்து நிக்குது செங்கல். மேல வெடிப்பு அப்படியே இருக்கு, தொப்பி அதுல பாதியைக்கூட மறைக்கலை. உள்ளே புகை போற மண்குழாயும் உடைஞ்சிருக்கு. தண்ணிக்கு இப்ப ஒரே வழிதான், வீட்டுக்குள்ள.”

“இப்பவே கட்டிட முடியாதா மெர்ல்? கூடாரம் போட்டு, ஹீட்டர் வச்சு? எல்லாம் நான் தர்றேன். எத்தனை வேணும்னாலும்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் எதையும் ‘எத்தனை வேணும்னாலும்’ என்று சொல்லி அவர் கேட்டதில்லை.

“பனி மூடின கூரை. ஈரத்துல ஊறின கட்டடம். கலவை பிடிக்கிறதுக்கு முன்னாடி உறைஞ்சிடும். அவரோட பொண்டாட்டி தலையில இடிஞ்சு விழுற மாதிரி ஒண்ணைக் கட்டித் தரணுமா? மே மாசம்தான். தொடாம இருந்திருந்தா இந்தக் குளிரை எப்படியோ தாண்டியிருக்கும்.”

மார்ச் தொடக்கத்தில் ஆற்றைத் தாண்டி லோரெட்டைப் பார்க்கப் போனேன். ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். முகத்தின் ஒரு பாதி தூங்க, மறு பாதி என்னை எடைபோட்டது.

“வாப்பா வியாபாரி. கையில ஒண்ணும் கொண்டுவரலை. அப்போ மனசுல ஏதோ பெருசா வச்சிருக்க.”

சொன்னேன். எதையும் ஏற்றாமல் இறக்காமல் சொன்னேன். கம்பெனி ஆள், நாலு குளிர்காலம், நசுங்கின டப்பா, ஜனவரியில் சொன்ன பொய், மெர்ல்.

“எத்தனை டப்பா?”

“ரெண்டு.”

“சும்மாவா குடுத்த?”

“சும்மா.”

“அதான். காசு குடுத்து வாங்கியிருந்தா கிழவன் ஒரு தடவையோட நிறுத்தி, மிச்சத்தை மூடி வச்சிருப்பான். சும்மா வந்ததை அவன் ஒரு நாளும் மிச்சம் வச்சதில்ல.” ஒரு பக்கத்து உதடு மட்டும் கோணியது. சிரிப்பா என்று தெரியவில்லை.

“அவர்கிட்ட சொல்லிடறேன் லோரெட். இன்னிக்கே போய்ச் சொல்லிடறேன்.”

“சொல்லாத.”

“எப்படிச் சொல்லாம இருக்குறது?”

“வாயை மூடிக்கிட்டு. ஜனவரியில செஞ்சியே, அதே மாதிரி.” மூச்சு வாங்கிக்கொண்டார். “நீ சொன்னா ரெண்டு நாள் உன்னைத் திட்டுவான். நல்லாத் திட்டுவான், அதுக்கு உனக்குத் தகுதி இருக்கு. மூணாம் நாள், அதை ஏறிப் பூசினது யாருன்னு யோசிப்பான். மூணு தடவை பூசினது யாருன்னு யோசிப்பான். அந்த வீட்டுல தனியா உக்காந்திருக்கிறவனுக்கு யோசிக்கிறதைத் தவிர வேற என்ன வேலை? குளிர்னே இருக்கட்டும். குளிரைத் திட்டினா யாருக்கும் வலிக்காது.”

“எனக்கு?”

“உனக்கென்ன. நீ வச்சுக்கோ.”

வெரில் அம்மாள் வரும் நாளுக்கு முந்தின நாள் ரொசேர் என்னைக் கூப்பிட்டார். முன்னறைச் சுவரில் ஈரம் ஆளுயரத்துக்கு ஏறியிருந்தது. சுவர்ச் சாந்து ஊதி, ஓரிடத்தில் பொலபொலவென்று உதிர்ந்திருந்தது. பாத்திர அலமாரியை அதன் முன்னால் நகர்த்த வேண்டும் என்றார். நகர்த்தினோம். வெளியே தெரிந்த இடத்தில் இன்னொரு வெள்ளை அடித்தோம். வாசனை போக அவர் காலையிலிருந்தே காபியைக் கொதிக்கவிட்டுக்கொண்டிருந்தார். வீடு முழுக்கக் கருகின காபியும் நனைந்த மண்ணும் சேர்ந்த ஒரு நாற்றம்.

“எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு” என்றேன். கடைக்காரன் வாய்.

மறுநாள் வெரில் அம்மாள் வந்தார். பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு முன்னறைக்குள் வந்து நின்றார். மூச்சை ஒரு தரம் இழுத்தார், அவ்வளவுதான். அலமாரிக்குப் பின்னால் கையை நீட்டி உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். எடுத்தபோது விரல்களில் வெள்ளை ஈரமாக ஒட்டியிருந்தது. ரொசேர் தன் கைக்குட்டையை நீட்டினார்.

“மிஸ்டர் திபோதோ, நானும் இந்த ஊர்லதான் பொறந்தேன். கட்டில்ல இருக்கிறவங்க ஜன்னலைப் பாக்க முடியாதபடி யாரும் அலமாரி வைக்கமாட்டாங்க.”

“மே மாசம் கட்டிடுவான். மெர்ல் எழுதியே குடுத்திருக்கான்.”

“இந்த வெள்ளிக்கிழமையோட கெடு முடியுது.”

“ஜூன் ஒண்ணுக்கு வாங்க. சுவரை நாக்கால நக்கிப் பாக்கலாம்.”

“முடியாது.”

“சரி, மே பதினஞ்சு.”

“மிஸ்டர் திபோதோ…”

“ஏப்ரல் கடைசி. நான் மேல படுத்துக்கிட்டுத் தார்ப்பாயைக் கையால பிடிச்சுக்கறேன்.”

நாற்பத்திரண்டு வருடம் பார்த்த அதே பேரம். அதே மார்பில் கட்டிய கை. ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டே போனார். எதிரில் நின்றவர் கையில் இறங்குவதற்குப் படியே இல்லை. நானும் புகுந்தேன். சமையலறையில் கட்டில் போடலாம் என்றேன். கதவகலம் போதாது என்றார் அம்மாள். என் வீட்டில் கீழே பெரிய அறை சும்மா கிடக்கிறது, இருவரும் வரட்டும் என்றேன். விண்ணப்பம் இந்த வீட்டு விலாசத்துக்கு, விலாசம் மாறினால் முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும் என்றார். வரிசை எவ்வளவு நீளம் என்று ரொசேர் கேட்டார். ஒன்றரை வருடம், சில சமயம் இரண்டு. அதைச் சொல்லும்போது அந்த அம்மாளுக்கும் முகம் சரியில்லை. கைக்குட்டையை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“என் கையில ஒண்ணுமில்லை” என்றார்.

அவர் போன பிறகு ரொசேர் அடுப்பை அணைத்தார். “இந்தக் குளிர்…” என்று ஆரம்பித்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக் கெட்ட வார்த்தைகளாகத் திட்டினார். முதலில் ஆங்கிலத்தில், அப்புறம் பிரெஞ்சில். நான் பக்கத்திலேயே நின்றேன். திட்டியது எதுவும் என்மேல் விழவில்லை.

மெர்ல் சொன்ன வாக்குப்படி மே இரண்டாம் வாரம் வந்தார். கூரை மட்டம்வரை பிரித்துப் புதுச் செங்கல் அடுக்கினார். தண்ணீர் விலகி விழும்படி தலைப்பக்கத்தைச் சரித்து, விளிம்பை வெளியே நீட்டி வார்த்தார். தார் மொத்தத்தையும் சுரண்டியெறிந்துவிட்டுப் புது ஈயத்தகட்டைச் செங்கல் இடுக்கில் செருகினார். நான் சாமான் எல்லாவற்றையும் அடக்க விலைக்கு அனுப்பினேன். இதன்மேல் எதையாவது பூச வேண்டுமா என்று ரொசேர் கேட்டதற்கு மெர்ல், “மூச்சு விடட்டும், விடுங்க” என்றார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் லோரெட்டை மேல்மாடிக்கு மாற்றிவிட்டார்கள். நிரந்தரமாக இருப்பவர்களுக்கான மாடி அது. வீட்டுக்குப் போகாதவருக்கு நடைப்பயிற்சி எதற்கு என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். பதினோரு அடியில் ஏழுவரை வந்திருந்தார். ரொசேரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். முன்னறைத் திரைச்சீலைகளைக் கொண்டுவந்து இங்கே மாட்டு, இங்கே உள்ளவை வாந்தி நிறத்தில் இருக்கின்றன என்றார். ரொசேர் கழற்றி, துவைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுபோய் மாட்டினார்.

ஜூனில் ஒரு நாள் காலையிலேயே நல்ல மழை பிடித்தது. பிற்பகல் கடைத் தொலைபேசி அடித்தது.

“ஷுக்ரி, உடனே வா.”

என்னவோ ஏதோ என்று கடையைப் பூட்டாமல் ஓடினேன். முன்னறையில் நாற்காலி இரண்டைச் சுவரைப் பார்த்துப் போட்டு வைத்திருந்தார். கட்டில் இல்லை, வாடகைக்காரர்கள் எடுத்துப் போயிருந்தார்கள். தரையில் நாலு சக்கரத் தடம் மட்டும். திரையில்லாத ஜன்னலில் மழை சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது.

“உக்காரு. பாரு.”

பார்த்தேன். சுவர் சுண்ணாம்பு வெள்ளையாக, எலும்புபோல் காய்ந்திருந்தது.

“காலையிலேர்ந்து பெய்யுது. ஒரு பொட்டு இறங்கலை.” எழுந்துபோய் உள்ளங்கையைச் சுவரில் வைத்து, எடுத்து, என்னிடம் காட்டினார். கோடு கோடாக வெறும் கை. “பாத்தியா?”

“பாத்தேன்.”

“தொட்டுப் பாரு.”

தொட்டேன். உண்மை வாய்வரைக்கும் வந்தது. லோரெட்டின் பாதி முகம் நினைவுக்கு வர, விழுங்கினேன்.

“நல்லா கட்டியிருக்கான்” என்றேன்.

“நல்லாத்தான் கட்டியிருக்கான்.”

கூரைமேல் மழை சரசரவென்று இரைந்தது. கொஞ்ச நேரம் கழித்து, கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு வந்ததைச் சொன்னேன்.

“மழை விடட்டும், போகலாம்” என்றார் சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டு நாளைக்கு விடாது என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். உட்கார்ந்திருந்தேன்.